பேய் வீட்டில் குறி கேட்டவர்கள்

பேய் வேலையில் கஷ்டமானது பயமுறுத்துவது இல்லை. ஒரு கூட்டத்தைப் பயமுறுத்திவிட்டு, அடுத்த கூட்டம் வரும் வரைக்கும் குளிரில் சும்மா நிற்பதுதான்.

சித்திரை மாதம் நுவரெலியாவில் சீசன். கொழும்பு வெயில் தாங்காதவர்கள் எல்லாரும் மலையேறி வருவார்கள். குதிரைப் பந்தயம், பூக்காட்சி, ஏரியில் படகு, அதற்குக் கொஞ்சம் தள்ளித் தகரம் அடைத்த மைதானத்தில் காணிவல். ராட்டினம், மரணக் கிணறு, வளையம் வீசுகிற கடை, பஞ்சு மிட்டாய் எல்லாம் தாண்டி, கடைசி மூலையில் கறுப்புத் துணி போர்த்திய பேய் வீடு. போன சீசனில் அந்த வீட்டுப் பேய் நான்தான்.

ஊரே லீவு எடுத்துச் சிரிக்கிற நாளில் வேலைக்குப் போகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர், ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவர், ராட்டினத்தைச் சுற்றிவிட்டு அதில் ஒரு தடவைகூட ஏறாதவர். உங்களுக்கு நான் சொல்வது விளங்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். வட்டகொடைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில், மாமியோடும் என் மகள் தர்ஷியோடும் இருக்கிறேன். தர்ஷி இப்போதுதான் ஸ்கூல் போகத் தொடங்கியிருக்கிறாள். அவள் அப்பாவுக்கு, மாமியின் மகனுக்கு, கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. பண்டிகைக்கு லீவு கிடைக்காத கூட்டம். எனக்குப் பேச வராது. ஊமை இல்லை. நாலு பேர் பார்த்தால் வார்த்தை தொண்டைக்குக் கீழேயே உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். மாமி கொழுந்து மலைக்குப் போய்விட்டு வந்து கதை கதையாகச் சொல்வார். நான் "ம்" என்பேன். கல்யாணம் முடிந்து வந்த நாளிலிருந்து எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இப்படித்தான்.

கூரைத் தகரம் ஓட்டை. மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும். அதற்குத்தான் வேலைக்குப் போனேன். ஆனால் என்ன வேலை என்று வீட்டில் சொல்ல முடியவில்லை. சீசன் முடிந்த கையோடு எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. தர்ஷி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை எழும்பி வந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டவள் நான். தலையை விரித்துப் போட்டு, வெள்ளைச் சேலை கட்டிப் பேயாக நின்றவள் அம்மனுக்குப் பால்குடம் எடுக்கலாமா என்று லயத்தில் ஒரு வாய் கேட்டால் போதும், நேர்த்தி நின்றுவிடும். மாமியே நிறுத்திவிடுவார். அதனால் டிக்கெட் கொடுக்கிற வேலை என்று சொன்னேன். முதல் நாள் மத்தியானம் வரைக்கும் அது உண்மையும்கூட.

சத்தம் பத்தாத டிக்கெட்

என்னை வேலைக்குக் கூட்டிப் போனது பேபி அக்கா. டவுன்காரி. தலவாக்கலை பஸ்ஸில் பழக்கம். பேய் வீட்டு டிக்கெட் கூண்டில் அவருக்குத் துணையாக என்னை உட்கார வைத்தார். பேபி அக்கா சத்தம் போட்டால் மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் திரும்பிப் பார்ப்பான். அவர் சாப்பிடப் போன நேரம் நான் தனியாக மாட்டிக்கொண்டேன்.

ஒரு ஐயா வந்து டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். கேட்கவில்லை என்றார். திரும்பச் சொன்னேன். அவர் கூண்டு ஓட்டைக்குள் காதை வைத்தார். எனக்கு முழுசாகவே வாய் அடைத்துவிட்டது. கியூ நீண்டு பஞ்சு மிட்டாய்க் கடைக்காரரைப் போய் இடித்தது. முதலாளி ஓடி வந்தார். சிங்கள ஆள், கோபம் வந்தாலும் முகத்தில் சிரிப்பு மாறாது. அன்றைக்குப் பார்த்துப் பேயாக நிற்கிற பெண் சளி பிடித்து வரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னார்:

"நங்கி, உங்க சத்தம் டிக்கட்டுக்குப் பத்தாது, பேய்க்குப் பத்தும். பேய் மிச்சக் காசு எண்ணிச் சொல்லத் தேவையில்லதானே."

எல்லாரும் அம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள்

பேய் வீட்டுக்குள் காலை பத்து மணிக்கே நடுச்சாமம். வளைந்து வளைந்து போகிற ஒரு வழி. முதல் திருப்பத்தில் பெட்டிக்குள் பிணமாகப் படுத்திருப்பவர் சுனில் ஐயா. கடைசித் திருப்பத்தில் நான். முகம் முழுக்கப் பவுடர், கண்ணைச் சுற்றி மை, இடுப்பு வரைக்கும் விரித்த முடி, காலடியில் ஒரு பச்சை பல்ப். ஆள் வந்தவுடன் திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து கையை நீட்ட வேண்டும். பேச்சே இல்லாத வேலை. எனக்காகவே செய்து வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் யாரும் எனக்கு ஒன்றைச் சொல்லித் தரவில்லை. பயந்துபோன ஆள் தமிழோ சிங்களமோ, எல்லாரும் ஒரே ஆளைத்தான் கூப்பிடுகிறார்கள். "ஐயோ அம்மா!" "அம்மோ!" மீசை வைத்தவர்களும் அப்படித்தான். பிள்ளை பெற்றவளுக்கு அந்தச் சத்தம் கேட்டால் உடம்பு தானாகத் திரும்பும். முதல் நாள் நாலைந்து இளந்தாரிப் பையன்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். திரையை விலக்கினேன். முன்னால் வந்தவன் "அம்மா!" என்று அலறினான். நான் என்னை அறியாமல், "என்னா சாமி, என்னா செய்து?" என்று கேட்டுவிட்டேன். கூட்டம் அப்படியே நின்றது. பிறகு பின்னால் நின்றவன் சொன்னான்:

"டேய், பேய் சொகம் விசாரிக்குதுடா! திரும்பி ஒரு வார்த்தை கேளுடா, மரியாத இல்லாம ஓடுற!"

போனும் முந்தானையும்

பேய்க்கு ஆணி, முள், தண்ணீர் எதுவும் பயமில்லை. போன்தான் பயம். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் உள்ளே வரும்போதே டார்ச்சைப் போட்டுக்கொண்டு வருவார்கள். பேயைப் பார்க்கக் காசு கொடுத்துவிட்டு, பேய்க்குப் பயப்படக் கூடாது என்று வெளிச்சம் அடிப்பார்கள்.

ஒரு குடும்பம் என்னைக் கண்டு பயப்படவே இல்லை. நடுவில் நிற்க வைத்துப் படம் எடுக்க வரிசை கட்டினார்கள். பெரியவர் தொப்பியைச் சரிசெய்தார். அவர் சம்சாரம் என் தோளில் கை போட்டார். அந்தப் படம் பேஸ்புக்கில் போய், எங்கள் லயத்தில் போன் வைத்திருக்கிற பிள்ளைகள் கண்ணில் பட்டால்? என் கை தானாக முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது. கல்யாண போட்டோவிலும் நான் இப்படித்தான். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். வெளியே போகும் வரைக்கும் அவர் சொன்னது இதுதான்:

"பாருங்களேன், பேய்க்கு வெக்கம் வருது! நம்ம மகளுக்கு இதுல கொஞ்சம் வந்திருக்கக் கூடாதா?"

பழகிய பெட்டி

சுனில் ஐயாவுக்கு அறுபது வயது இருக்கும். ஆள் பக்கத்தில் வந்ததும் மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்ப வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு எழும்ப மாட்டார். தூங்கிவிடுவார். நான் மாவு ரொட்டியும் சம்பலும் கொண்டுபோவேன், அவர் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவருவார். பெட்டி மூடியில் வைத்து இரண்டு பேரும் சாப்பிடுவோம். வயிறு நிறைந்தால் அவரை எழுப்ப முடியாது.

ஒரு தடவை பெட்டிக்குள்ளிருந்து குறட்டை வந்தது. கொழும்பு ஆள் ஒருவர், இது ஏதோ மெஷின் என்று நினைத்து, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மூடியைத் திறந்து பார்த்தார். சுனில் ஐயா ஒரு கண்ணைத் திறந்து, "டீயா?" என்று கேட்டார். அந்த ஆள் எங்கே வழி என்று பார்க்காமல் தகரத்தைத் தள்ளிக்கொண்டு மரணக் கிணற்றுப் பக்கம் போய் வெளியே வந்தாராம். முதலாளி வந்து ஏசினார். தகரத்தைச் சாத்திவிட்டுப் போனார். சுனில் ஐயா திரும்பப் படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"எத்தின சீசன் இதுக்குள்ள படுத்துட்டன் நங்கி. நெசமா சாகிற நாள்ல எனக்குப் புதுசா ஒண்ணும் இருக்காது."

செருப்பு

வருஷப் பிறப்புக்கு அடுத்த நாள் தோட்டங்களிலிருந்து லொறி லொறியாக ஆள் வந்தார்கள். அன்றைக்குத்தான் எல்லாம் மாறியது.

திம்புள்ளப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா. கொழுந்து எடுக்கிறவர் என்பது பார்த்ததும் தெரிந்தது. கூடை இல்லாத நாளிலும் நெற்றிக்குக் கை போய் இல்லாத கயிற்றைச் சரிசெய்தது. பிள்ளைகள் முன்னால் ஓடிவிட்டார்கள், இவர் மட்டும் தனியாக வந்தார். நான் திரையை விலக்கிக்கொண்டு கையை நீட்டினேன். அவர் அலறவில்லை. ஓடவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. விரித்த முடி, வெள்ளை முகம், குளிரில் நடுங்குகிற உடம்பு. எங்கள் தோட்டங்களில் இப்படி நடுங்கிக்கொண்டு நிற்கிறவளை யாரும் பேய் என்று சொல்வதில்லை. சாமி வந்திருக்கிறது என்பார்கள். பக்கத்தில் போய்க் குறி கேட்பார்கள். அந்த அம்மாவும் கேட்டார். "எம்மகன் வெளிநாட்டுக்குப் போனான் தாயி. கோவிச்சுக்கிட்டுப் போனான். போன் எடுக்க மாட்டேங்குறான். எங்கனயாவது நல்லா இருக்கானா?"

அம்மா, நான் பேய், சம்பளத்துக்கு நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அவர் கண்ணில் தண்ணீர். பின்னால் அடுத்த கூட்டம் வருகிற சத்தம். ஏதாவது சொன்னால்தான் அவர் நகர்வார். கோயிலில் சாமி வந்தவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதே மாதிரி குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். "நல்லாருக்கான் மகளே. அவன் எடுப்பான்னு பாத்துக்கிட்டு இருக்காத. நீயே எடு. கோவத்தைப் பேசாத, சாப்பிட்டியான்னு மட்டும் கேளு." எனக்கே ஆச்சரியம். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் நெற்றியைக் காட்டினார். விபூதிக்கு எங்கே போவது? என் கன்னத்துப் பவுடரைத் தொட்டு வைத்துவிட்டேன்.

வெளியே போனவர் டிக்கெட் கூண்டில் நின்று பேபி அக்காவிடம் சண்டை பிடித்தது எனக்கு உள்ளே கேட்டது:

"உள்ளுக்கு சாமி நிக்கிது, ஆளுகளை செருப்போட போக விடுறீங்களே, ஒரு போர்டு எழுதி வைக்கக் கூடாதா?"

சாமிக்குக் கியூ

அடுத்தடுத்த நாட்களில் பேய் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்தன. அந்த அம்மா பேச, லொறியில் வந்தவர்கள் கேட்க, ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குக் கதை போயிருக்கிறது. கொழும்பு ஆட்கள் ராட்டினத்துக்குப் போனார்கள். எங்கள் ஆட்கள் எலுமிச்சம்பழத்தோடு பேய் வீட்டுக்கு வந்தார்கள். சுனில் ஐயா மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பினால், "கொஞ்சம் இருங்க, சாமியப் பாத்துட்டு வர்றோம்" என்று அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் பெட்டி மேல் யாரோ பூ வைத்துவிட்டார்கள். அதில் அவருக்கு ரொம்ப வருத்தம்.

நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பரீட்சையில் மகள் பாஸாவாளா? படி, பாஸாவாய் என்று சொல்லச் சொன்னேன். புருஷன் குடியை விடுவானா? கேட்ட பெண்ணுக்குப் பின்னாலேயே அந்தப் புருஷனும் நின்றார். அவரைப் பார்த்து ஒரு தடவை நிஜமாகவே கத்தினேன். பேயாக நான் செய்த ஒரே நல்ல வேலை அது. ஒரு கங்காணி வந்து, எங்களுக்கு வீடு கட்ட ஒரு காணித் துண்டு எப்போது கிடைக்கும் என்று கேட்டார். அதற்கு நான் திரையை மூடிக்கொண்டேன். அவரும் கோபிக்கவில்லை. "சாமிக்கும் தெரியலப் போல" என்று சொல்லிவிட்டு மெதுவாக நடந்தார்.

யாரோ சூடம் ஏற்றி, கறுப்புத் துணியில் பற்றப் பார்த்தது. அன்றைக்குத்தான் முதலாளி உள்ளே வந்து முழு விஷயத்தையும் தெரிந்துகொண்டார். என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் வெளியே நின்ற கியூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதே சிரிப்போடு சொன்னார்:

"நங்கி, பேய் வேணாம், நீங்க சாமியே இருங்க. ஆனா இடைக்கிடை கொஞ்சம் கத்துங்க. டிக்கட்டுல பேய் என்றுதான் அடிச்சிருக்கு."

பீலிக்கரைச் செய்தி

நல்ல செய்தி நடந்து வரும், இந்த மாதிரிச் செய்தி பஸ்ஸில் வரும். ஒரு சாயந்திரம் வேலை முடிந்து லயத்துக்கு வந்தால், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தோடு நின்ற பெண்கள் எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நுவரெலியாவில் ஒரு பெண்ணுக்குச் சாமி வந்திருக்கிறதாம். சின்ன வயசுதானாம். முகம் பால் மாதிரி வெள்ளையாம். நான் காதுக்குப் பின்னால் பவுடர் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

மாமிதான் நேராகக் கேட்டார். "நீ அங்கதானே டிக்கெட் குடுக்குற. அந்தச் சாமியப் பாத்தியா?" நான் இல்லை என்று தலையாட்டினேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமி நிரம்பிய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஊரு ஊரா பஸ் ஏறிப் போயி பாத்துட்டு வருதுங்க. இவ பக்கத்துலயே நின்னுக்கிட்டு பாக்கலையாம். கேட்டாத்தானே வாயத் தொறந்து சொல்லுவா!"

மாமி கேட்ட குறி

சீசன் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வெளியே தர்ஷியின் குரல் கேட்டது. எந்தக் கூட்டத்திலும் பிள்ளையின் குரல் தாய்க்குத் தனியாகக் கேட்கும். "இது எங்கம்மா எடம். நீங்க ஏன் உக்காந்திருக்கீங்க?" என்று பேபி அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பேபி அக்கா போடாத சத்தம் போட்டு, "அம்மா சாப்பிடப் போயிருக்காங்க செல்லம்!" என்றார். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தம். ஆனால் பேய்க்கு ஓட வழி ஏது? முன் வழியில் மாமி. பின் வழியில் வெளியே நிற்கிற கூட்டம்.

மாமி பிள்ளையைப் பேபி அக்காவிடம் விட்டுவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். சுனில் ஐயா எழும்பினார். மாமி அவரை ஒரு பார்வை பார்த்ததும் அவர் திரும்பப் படுத்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் நான் நின்றபடியே கும்பிடாத தெய்வமில்லை. வேறு வழியில்லாமல் திரையை விலக்கினேன். முடியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மாமி கும்பிட்டார். குறி கேட்டார். அதை நான் அப்படியே சொல்கிறேன். "தாயி, எம்மருமக டிக்கெட் குடுக்குறேன்னு சொல்லிட்டு தெனம் வர்றா. டிக்கெட் கூண்டுல வேற ஒருத்தி உக்காந்திருக்கா. எம்பிள்ள எங்க போறா, என்னா செய்றான்னு நீதான் சொல்லணும். கெட்டவ இல்ல தாயி. ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டா. மகன் கொழும்புல. நான் மலையிலேருந்து வந்து செவுத்துக்கிட்டதான் பேசுறேன். எம்மேல அவளுக்கு என்னா கோவமோ தெரியல."

பேய் வீட்டில் அதுவரைக்கும் யாரும் என்னைப் பயமுறுத்தியதில்லை. மாமி பயமுறுத்திவிட்டார். நான் பேசாமல் இருந்ததைக் கோபம் என்று அவர் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருட்டில் நின்று மாமியை "மகளே" என்று கூப்பிட்டேன். அடிவயிற்றுக் குரல்தான், ஆனால் நடுக்கம் குளிரால் இல்லை. "மகளே, அவ தப்பான எடத்துக்குப் போகல. கூரை ஒழுகுதேன்னுதான் வேலைக்கு நிக்கிறா. ஒம்மேல அவளுக்குக் கோவம் இல்ல. பயம். பேச நெனைப்பா, வராது. நீ சொல்ற கதையெல்லாம் அவ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. ஒண்ணையும் மறக்கல. பிள்ளைக்கு நேந்த பால்குடத்த மட்டும் அவகிட்டேருந்து வாங்கிறாத."

மாமி நெற்றியைக் காட்டினார். பவுடரைத் தொட்டு வைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐஸ் மாதிரி இருந்திருக்கும். கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் பொத்தி வைத்துக்கொண்டிருந்துவிட்டு விட்டார். பிறகு நெற்றிக் கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். என்னைத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. பேபி அக்காவிடம் அவர் சொன்னது மட்டும் கேட்டது:

"சாமி ரொம்ப குளுருல நிக்கிது. ஒரு சுடுதண்ணி குடுத்தா என்னா, கொறஞ்சா போயிருவீங்க?"

சாமிக்கு ஒரு தகவல்

சாயந்திரம் பஸ்ஸில் வரும்போது முகத்தை நாலு தடவை துடைத்தேன். லயத்துக்கு வந்தால் மாமி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் என் பவுடர் இன்னும் இருந்தது. தர்ஷி கையில் பஞ்சு மிட்டாய்க் குச்சி. அவள் அந்தக் குச்சியால் என்னைக் காட்டி, "அம்மா, நீங்க அவ்வளவு நேரமா சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள். நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மாமி ரொட்டியைத் திருப்பிப் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துக் காம்பராவில் இருக்கிற அக்கா காதை வைத்துக்கொண்டிருப்பார் என்பது மாமிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரியே மாமி பேசினார். "நானும் போயி பாத்துட்டு வந்துட்டேன். ஆளுக பேய்ங்குது, பிசாசுங்குது. அங்க யாரு பேயா நிக்கிறா? நான் பாத்தது சாமி. கும்பிட்டேன், துண்ணூறு வாங்கினேன். அதுல யாருக்காச்சும் சந்தேகம் இருந்தா எங்கிட்ட வந்து கேக்கட்டும்." பிறகு என் பக்கம் ரொட்டித் தட்டைத் தள்ளினார். "பால்குடத்துக்கு மஞ்ச சீலை எடுத்து வச்சிருக்கேன். பொட்டியில இருக்கு. பாத்துக்க."

என் தொண்டைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது எல்லாம் ஒரேயடியாக மேலே வந்தது. அழுகைதான் முந்தியது. மாமி அதைப் பார்க்காத மாதிரி அடுப்பை ஊதினார். ஊதிவிட்டு, இந்தத் தடவை சுவருக்குக் கேட்காத சின்னக் குரலில், எனக்கு மட்டும் சொன்னார்:

"நாளைக்கு அந்தச் சாமியப் பாத்தா சொல்லு. உள்ளுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்கச் சொல்லு. அங்க பேசுனதுல பாதியாச்சும் வீட்டுலயும் வந்து பேசச் சொல்லு."

இத்தனை வருஷம் மருமகளாக இருந்து வாங்க முடியாத நல்ல பேரை, ஒரு சீசன் பேயாக நின்று வாங்கிவிட்டேன்.